தோட்டாவில் கொழுப்பு எதற்கு?

1857-இல் சிப்பாய்கள் ஏன் கிளர்ந்தெழுந்தார்கள் என்று கேட்டால், காஞ்சிபுரத்துக்குப் பக்கத்து முசரவாக்கத்துப் பள்ளிப் பிள்ளைகூட யோசிக்காமல் பதில் சொல்லும்: புதிய தோட்டாவில் மாட்டுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் தடவியிருந்தார்கள், அதைப் பல்லால் கடித்துத் திறக்கச் சொன்னார்கள். நிலவரி, சம்பளம், பறிபோன சமஸ்தானங்கள் என்று வேறு பல காரணங்கள் இருந்தாலும், எல்லோருக்கும் நினைவில் நிற்பது அந்தக் கொழுப்புதான்.

அதே பிள்ளை அடுத்து ஒரு கேள்வி கேட்டால் நம்மில் பலர் திணறுவோம். தோட்டாவுக்குக் கொழுப்பு எதற்கு? வெடிமருந்து எரிய நெருப்பு போதும், குண்டு பாய வேகம் போதும். இவ்வளவு பெரிய பகையைத் தேடித் தந்த அந்த மசகை எதற்காகத் தடவினார்கள்? வரலாற்றுப் பாடம் இதைக் கேட்காமலே தாண்டிப் போய்விடுகிறது. விடை வேதியியலிலும் இயற்பியலிலும் இருக்கிறது. இன்றும் துப்பாக்கி சுடும் விளையாட்டு வீரர்கள் தங்கள் கைத்துப்பாக்கிக் குழலைத் துடைக்கும்போதெல்லாம் சந்திக்கிற சிக்கல்தான் அது.

புள்ளலூரில் மசகு இல்லை

கதையைக் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்திலேயே தொடங்கலாம். 1780 செப்டம்பர் 10 அன்று புள்ளலூரில் கர்னல் பெய்லியின் கிழக்கிந்தியக் கும்பினிப் படையை ஹைதர் அலியும் திப்புவும் சுற்றி வளைத்து நொறுக்கினார்கள். உதவிக்கு வரவேண்டிய ஹெக்டர் மன்றோ காஞ்சிபுரத்தில் படையோடு இருந்தும் வந்து சேரவில்லை. சேதி தெரிந்ததும் கனத்த பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டுக்குப் பின்வாங்கினார். திப்புவின் ராக்கெட்டுகளைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். நமக்கு இங்கே வேண்டியது சிப்பாயின் தோளில் இருந்த சாதாரணத் துப்பாக்கி.

அந்தத் துப்பாக்கியின் குழல் உட்புறம் வழவழப்பான வெறும் குழாய். விட்டம் ஏறத்தாழ 19 மில்லிமீட்டர். அதற்குள் போட்ட ஈய உருண்டையின் விட்டமோ 17.5 மில்லிமீட்டர்தான். வேண்டுமென்றேதான் சிறிதாக வார்த்தார்கள். போர்க்களத்தில் நிமிடத்துக்கு மூன்று முறை சுடவேண்டும். உருண்டை குழலின் வாயில் போட்டதும் கடகடவென்று அடிவரை இறங்கவேண்டும். குழலின் குறுக்குப் பரப்பில் ஆறில் ஒரு பங்கு அளவுக்கு இடைவெளி. மருந்து எரிந்து வரும் வாயுவில் கணிசமான பகுதி அந்த இடைவெளி வழியே குண்டை முந்திக்கொண்டு வெளியேறியது. உருண்டை குழலின் பக்கங்களில் தட்டித் தட்டிப் போய், கடைசியாக எந்தப் பக்கம் தட்டியதோ அதற்கேற்ற திசையில் பறந்தது. நூறு கஜத்துக்கு மேல் ஒரு ஆளைக் குறிபார்த்து அடிப்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது.

ஆனால் மசகு தேவைப்படவில்லை. இறுக்கமே இல்லாத இடத்தில் உரசல் ஏது?

சுழன்றால் குறி தப்பாது

பறக்கும் குண்டு தன் அச்சில் சுழன்றால் நேராகப் போகும். அதற்காகக் குழலின் உட்சுவரில் திருகுபோல வளைந்து செல்லும் பள்ளங்களை வெட்டினார்கள். இவற்றைச் சுருள்பள்ளம் என்று இங்கே அழைப்போம். இப்படிப் பள்ளம் வெட்டிய துப்பாக்கிக்குத்தான் ரைஃபிள் என்று பெயர்.

குண்டு அந்தப் பள்ளத்தைக் கவ்விப் பிடித்தால்தான் சுழலும். கவ்விப் பிடிக்கவேண்டுமானால் குழலுக்குள் இறுக்கமாக இருக்கவேண்டும். இறுக்கமாக இருந்தால் வாய்வழியே இறக்க முடியாது. 1800-களின் தொடக்கத்தில் ஆங்கிலேயப் படையில் ரைஃபிள் வைத்திருந்தவர்கள், மசகு தடவிய துண்டில் உருண்டையைச் சுற்றி, வலுவாகக் குத்தி இறக்கவேண்டியிருந்தது. சுடும் வேகம் பாதியாகக் குறைந்தது. இறங்கும்போது தளர்வாகவும், வெளியேறும்போது இறுக்கமாகவும் இருக்கிற குண்டு ஒன்று வேண்டும். நடக்கிற காரியமா?

ஊதுகுழாயிலிருந்து வந்த யோசனை

34-ஆம் ரெஜிமென்ட்டைச் சேர்ந்த கேப்டன் ஜான் நார்ட்டன் தென்னிந்தியாவில் பணியாற்றியபோது, இங்குள்ளவர்கள் ஊதுகுழாயில் வைத்து ஊதும் அம்பைக் கவனித்தார் என்று துப்பாக்கி வரலாறுகள் குறிப்பிடுகின்றன. அம்பின் அடியில் மென்மையான நெட்டி இருந்தது. வாயால் ஊதியதும் அந்த நெட்டி விரிந்து குழாயின் சுவரை அடைத்துக்கொண்டது. காற்று ஒழுகாமல் முழு வேகமும் அம்புக்கே போனது. அடிப்பகுதி குழிந்த நீள்குண்டை நார்ட்டன் வடிவமைத்தது இதைப் பார்த்துத்தான். அவருடைய அரசாங்கம் அப்போது அதை ஏற்கவில்லை. 1849-இல் பிரான்சின் க்ளாட் மினியே அதே வழியில் ஒரு குண்டைச் செய்து காட்டிய பிறகுதான் உலகம் விழித்துக்கொண்டது.

வேலை செய்யும் விதம் தெரியவேண்டுமானால் ஊரில் இருக்கும் அடிபம்பைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே கிண்ணம்போல ஒரு தோல் வாஷர் இருக்கும். சும்மா இருக்கும்போது குழாய்க்குள் தளர்வாக நகரும். தண்ணீரின் அழுத்தம் கிண்ணத்துக்குள் விழுந்ததும் அதன் விளிம்பு வெளிப்பக்கம் விரிந்து சுவரோடு ஒட்டிக்கொள்ளும். அழுத்தம் கூடக்கூட அடைப்பும் இறுகும். குழிந்த அடி கொண்ட ஈயக் குண்டும் அப்படித்தான். பின்னாலிருந்து வாயு மோதியதும் பாவாடைபோன்ற அதன் அடிவிளிம்பு விரிந்து சுருள்பள்ளத்துக்குள் புகுந்துவிடும்.

இதற்கு ஈயம்போல ஏற்ற உலோகம் வேறில்லை. கனமானது, விலை குறைந்தது, நகத்தால் கீறினாலே தடம் விழும் அளவுக்கு மென்மையானது. ஆனால் இவ்வளவு மென்மையான உலோகத்தை எஃகுச் சுவரோடு அழுத்தி இழுத்துக்கொண்டு போனால் என்ன ஆகும்?

என்ஃபீல்ட் தோட்டாவைப் பிரித்துப் பார்ப்போம்

1853-இல் வந்த என்ஃபீல்ட் ரைஃபிளையே எடுத்துக்கொள்வோம். குழலின் நீளம் 99 சென்டிமீட்டர். உள்விட்டம் 14.66 மில்லிமீட்டர். மூன்று சுருள்பள்ளங்கள். குண்டின் எடை 34 கிராம், விட்டம் 14.43 மில்லிமீட்டர். ஆக இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் கால் மில்லிமீட்டருக்கும் குறைவு. புள்ளலூர்த் துப்பாக்கியில் இது ஒன்றரை மில்லிமீட்டராக இருந்தது. என்ஃபீல்டில் மிஞ்சிய அந்தச் சிறு இடைவெளியையும் காகிதச் சுற்று ஒன்று நிரப்பியது.

தோட்டா என்பது அன்று உலோகக் குப்பி அல்ல, காகிதக் குழாய். ஒரு முனையில் நாலரை கிராம் அளவுக்குக் கரிமருந்து. மறுமுனையில் குண்டு, அதுவும் தலைகீழாக, கூர்முனை மருந்தைப் பார்த்தபடி. குண்டு இருக்கும் முனையைத்தான் உருகிய மசகில் தோய்த்து எடுத்தார்கள். சிப்பாய் மருந்து இருக்கும் முனையைக் கடித்துக் கிழித்து, மருந்தைக் குழலுக்குள் கொட்டி, தோட்டாவைத் திருப்பி மசகு பூசிய முனையைக் குழல்வாயில் செருகி, மீதிக் காகிதத்தைக் கிழித்தெறிந்துவிட்டுக் கோலால் இறக்குவார். விதிப்படி பல்லில் படுவது மசகில்லாத முனைதான். ஆனால் பெட்டியில் அடுக்கி வைத்த தோட்டாக்களில், வெயில் நாளில், மசகு ஒரே முனையில் அடங்கி நிற்குமா? சிப்பாயின் அருவருப்பில் நியாயம் இருந்தது.

இனி மருந்தைப் பார்ப்போம். கரிமருந்து என்பது 75 பங்கு வெடியுப்பு, 15 பங்கு மரக்கரி, 10 பங்கு கந்தகம். எரிந்ததும் எல்லாம் புகையாகிப் போய்விடுவதாக நாம் நினைக்கிறோம். உண்மையில் அதன் எடையில் பாதிக்கு மேல் திடப்பொருளாகவே மிஞ்சுகிறது. நாலரை கிராமில் இரண்டேகால் கிராமுக்கு மேல் கசடு. பெரும்பகுதி புகையோடு வெளியே வீசப்பட்டாலும், ஒரு பகுதி குழலின் சுவரில் கரிய பொருக்காகப் படியும். காய்ந்தால் அது கெட்டிப்படும். பத்து முறை, இருபது முறை சுட்டபின் கால் மில்லிமீட்டர் இடைவெளியை இந்தப் பொருக்கே தின்றுவிடும். குண்டு பாதி வழியில் மாட்டிக்கொள்ளும். எதிரி முன்னால் நிற்கும்போது கோலை மரத்தில் மோதிக் குண்டை இறக்கவேண்டிய நிலை வரும்.

மசகின் முதல் வேலை இதுதான். ஒவ்வொரு குண்டும் போகும்போது முந்தைய கசடை இளக்கித் துடைத்துக்கொண்டே போகவேண்டும். இரண்டாவது வேலை, ஈயம் சுவரில் ஒட்டாமல் காப்பது.

ஈயம் ஏன் ஒட்டுகிறது?

இங்கே ஒரு வியப்பு இருக்கிறது. இரும்பும் ஈயமும் ஒன்றோடொன்று சேராத உலோகங்கள். இரண்டையும் உருக்கி ஊற்றினாலும் கலக்காமல் தனித்தனியே நிற்கும். வெறும் ஈயத்தை இரும்பில் பற்றவைக்க முடியாது. பிறகு எப்படிக் குழலில் ஈயம் படிகிறது?

கண்ணுக்கு வழவழப்பாகத் தெரியும் எஃகுச் சுவரை உருப்பெருக்கியில் பார்த்தால் வெட்டுக்கருவி விட்டுச்சென்ற வரிகளும் மேடுபள்ளங்களும் தெரியும். மென்மையான ஈயத்தைப் பேரழுத்தத்தோடு அதன்மேல் இழுக்கும்போது துகள்கள் செதுக்கப்பட்டு அந்தப் பள்ளங்களில் அடைபடுகின்றன. ஒட்டுவதில்லை, மாட்டிக்கொள்கிறது. ஆனால் முதல் துகள் மாட்டிவிட்டால் நிலைமை மாறிவிடும். அடுத்த குண்டின் ஈயத்துக்கு இப்போது எதிரே இருப்பது இரும்பு அல்ல, இன்னொரு ஈயம். ஈயமும் ஈயமும் அழுத்தத்தில் எளிதாக ஒன்றிவிடும். படிவின்மேல் படிவு ஏறும்.

இதைவிடக் கெட்டது வாயுக் கசிவு. மருந்து எரியும்போது வெப்பம் 2000 டிகிரி செல்சியஸை ஒட்டி எழும். ஈயம் 327 டிகிரியிலேயே உருகிவிடும். குண்டு குழலுக்குள் இருக்கும் நேரம் ஒரு வினாடியில் நூறில் ஒரு பங்குகூட இல்லை என்பதால் அது முழுக்க உருகுவதில்லை. ஆனால் குண்டுக்கும் சுவருக்கும் நடுவே முடி அளவு சந்து இருந்தால் போதும். கொதிக்கும் வாயு அதற்குள் புகுந்து ஈயத்தை அரித்துத் தெளிக்கும். தெளித்த ஈயம் முன்னால் போய்ச் சுவரில் படியும். பின்னால் வரும் குண்டு அதை அழுத்தித் தேய்த்து இஸ்திரி போட்டுவிடும். சுருள்பள்ளம் தூர்ந்துவிட்டால் குண்டு சுழலாது. அவ்வளவு பாடுபட்டுச் செய்த ரைஃபிள், புள்ளலூர்க் காலத்துத் துப்பாக்கியாகிவிடும்.

மசகு இங்கே வெறும் வழுக்கலுக்காக இல்லை. அந்தச் சந்தை அடைத்து, வாயுவைத் தடுத்து நிறுத்தும் அடைப்பானாகவும் இருக்கிறது. 

கொழுப்பு தேவையே இல்லை

என்ஃபீல்டுக்கு முதலில் பயன்படுத்திய மசகில் விலங்குக் கொழுப்பு மிகுதி, தேன்மெழுகு கொஞ்சம். எந்த விலங்கின் கொழுப்பு என்று எவரும் கவனமாக வரையறுக்கவில்லை. 1857 ஜனவரியில் கல்கத்தாவை அடுத்த டம்டமில் புகைச்சல் தொடங்கியது. அந்த மாதக் கடைசியிலேயே அதிகாரிகள் இறங்கிவந்தார்கள். மசகில்லாத தோட்டாவைத் தருகிறோம், நீங்களே விரும்பிய மசகைப் பூசிக்கொள்ளுங்கள் என்றார்கள். தேன்மெழுகும் எண்ணெயும் போதும் என்று ஆயிற்று. ஆனால் நம்பிக்கை போய்விட்டது. காகிதத்தின் பளபளப்பைப் பார்த்தே அதிலும் கொழுப்பு இருக்கும் என்று சந்தேகித்தார்கள். ஏப்ரல் 24 அன்று மீரட்டில் 90 குதிரைப்படை வீரர்களில் 85 பேர் தோட்டாவைத் தொட மறுத்தார்கள். அவை புதிய என்ஃபீல்ட் தோட்டாக்களே அல்ல, பழைய வகைதான். அவர்களுக்கு விலங்கிட்ட மறுநாள், மே 10, மீரட் எரிந்தது.

இதில் என்னை மிகவும் பாதிப்பது ஒன்று. அந்தக் கொழுப்பு வெறும் பொறியியல் கணக்கிலும் தவறான தேர்வு. மாட்டுக்கொழுப்பு 40 முதல் 50 டிகிரிக்குள் இளகிவிடும். இந்தியக் கோடையில் மூடிய பெட்டிக்குள் இருக்கும் தோட்டாவுக்கு அந்த வெப்பம் சாதாரணம். கொழுப்பு உருகிக் காகிதத்தில் ஊறிப்போய்விட்டால் குண்டின்மேல் மசகு மிஞ்சாது. அதிலுள்ள அமிலங்கள் ஈயத்தையும் அரிக்கும். தேன்மெழுகோ 62 டிகிரிக்கு மேல்தான் உருகும். அந்தப் போரிலேயே ஆங்கிலேயச் சிப்பாய்கள் தங்கள் என்ஃபீல்டில் குண்டு இறங்கவில்லை என்று முறையிட்டார்கள். அதன்பிறகு குண்டின் விட்டத்தை 13.97 மில்லிமீட்டராகக் குறைத்தார்கள். மசகைத் தேன்மெழுகுக்கு மாற்றினார்கள். சிப்பாய் தன் மதத்துக்காகக் கேட்டதும், ஈயமும் வெயிலும் கேட்டதும் ஒன்றுதான். கேட்கும் காது மட்டும் அன்று இல்லை.

செம்புச் சட்டை

1880-களில் புகையில்லா மருந்து வந்தது. நீலகிரியில் குன்னூருக்குப் பக்கத்து அருவங்காட்டில் அதில் ஒரு வகையான கார்டைட் செய்வதற்கென்றே 1900-களின் தொடக்கத்தில் தொழிற்சாலை கட்டினார்கள். இந்த மருந்து கசடை ஏறக்குறைய ஒழித்தது. ஆனால் வெப்பமும் அழுத்தமும் வேகமும் எகிறின. வெறும் ஈயம் தாக்குப்பிடிக்கவில்லை. 1882-லேயே சுவிட்சர்லாந்தின் எடுவர்ட் ரூபின் ஈயத்துக்குப் போட்டிருந்த செம்புச் சட்டை இப்போது கைகொடுத்தது. ராணுவ ரைஃபிள்களில் ஈயப்படிவு அத்தோடு முடிந்தது. செம்புப் படிவு என்று வேறொன்று தொடங்கியது என்பது தனிக்கதை.

கைத்துப்பாக்கியில் இன்றும்

கைத்துப்பாக்கியில் அழுத்தமும் வேகமும் குறைவு. அதனால் சட்டையில்லாத ஈயக் குண்டு அங்கே இன்றும் வாழ்கிறது. 25 மீட்டர் பிஸ்டல் போட்டியில் ஒலிம்பிக் வீரர் சுடும் .22 குண்டு வெறும் ஈயம்தான். மேலே மெழுகுப் பூச்சு. அமெரிக்கா போன்ற நாடுகளில் விளையாட்டுச் சுடுநர்கள் ஈயத்தை உருக்கி அச்சில் வார்த்துத் தங்கள் தோட்டாவைத் தாங்களே நிரப்புகிறார்கள். ஈயப்படிவைத் தடுப்பது பற்றி நூறாண்டுக்கு மேல் அவர்கள் சேர்த்த அனுபவத்தில் பெரும்பகுதி, என்ஃபீல்ட் கற்பித்த பாடத்தின் நீட்சி.

புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் செய்யும் முதல் ஊகம், ஈயம் மென்மையாக இருப்பதால்தான் படிகிறது என்பது. உடனே கடினமான கலவையைத் தேடுவார்கள். சுத்த ஈயத்தின் கடினத்தன்மை பிரினெல் அளவையில் 5. பழைய அச்சகங்களின் லைனோடைப் உலோகத்தில் 84 பங்கு ஈயம், 12 பங்கு ஆன்டிமனி, 4 பங்கு வெள்ளீயம். அதன் கடினம் 22 அளவுக்கு ஏறும். நான்கு மடங்குக்கு மேல் கடினம். இதை வார்த்துச் சுட்டுப் பார்த்தால் சிலசமயம் படிவு குறைவதற்குப் பதில் கூடுகிறது! காரணம் இப்போது நமக்குத் தெரியும். கைத்துப்பாக்கியின் மிதமான அழுத்தத்தில் அவ்வளவு கடினமான குண்டின் அடி விரியவே விரியாது. சந்து அடைபடாது. வாயு பாயும்.

ஆகவே முதலில் பார்க்கவேண்டியது கடினத்தை அல்ல, அளவை. குண்டின் விட்டம் குழலின் பள்ளத்து விட்டத்தைவிட இம்மி கூடுதலாக, ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது 0.025 மில்லிமீட்டர், பெரிதாக இருக்கவேண்டும். ரிவால்வரில் இன்னொரு கண்ணியும் இருக்கிறது. குண்டு முதலில் உருளையின் துளையைத் தாண்டித்தான் குழலுக்குள் வரும். அந்தத் துளை குழலைவிடச் சிறிதாக இருந்தால், எவ்வளவு சரியாக வார்த்தாலும் குண்டு அங்கேயே இழைக்கப்பட்டுச் சிறுத்துவிடும்.

அளவு சரியானபின் மசகு. குண்டின் இடுப்பில் ஓடும் பள்ளத்தில் மசகை நிரப்புகிறார்கள். இன்றும் அதில் முக்கியச் சரக்கு தேன்மெழுகுதான். அண்மைக்காலத்தில் குண்டின்மேல் பாலிமர் பூசிச் சுடுவதும் பரவியிருக்கிறது. ஈயம் எஃகைத் தொடவே தொடாது. வேகம் கூடிய தோட்டாக்களில் குண்டின் அடியில் செம்பால் ஒரு சிறு தொப்பி மாட்டுவதும் உண்டு.

படிவு சொல்லும் காரணம்

அனுபவசாலி ஒருவர் குழலைத் துடைப்பதற்கு முன் வெளிச்சத்தில் பிடித்து, ஈயம் எங்கே படிந்திருக்கிறது என்று பார்ப்பார். சுருள்பள்ளம் தொடங்கும் இடத்திலேயே சாம்பல் நிறப் பட்டைகள் இருந்தால் குண்டு சிறிது, வாயு கசிந்திருக்கிறது. தொடக்கம் சுத்தமாக இருந்து வாய்ப்பக்கம் படிந்திருந்தால் மசகு பாதி வழியில் தீர்ந்துவிட்டது. குழல் முழுக்க ஒரே சீராகப் படிந்திருந்தால் உட்சுவர் சொரசொரப்பாக இருக்கலாம், அல்லது அந்த வேகத்துக்கு அந்தக் கலவை மென்மை. இருபது மருந்து மாற்றி இருபது கலவை மாற்றிப் பார்ப்பதைவிட இந்த ஒரு பார்வை அதிகம் சொல்லும். காரணம் தெரியாமல் கடினமான ஈயத்துக்கு ஓடுவது வீண்வேலை என்பதே என் தீர்ப்பு.

இதைப் படித்துவிட்டு வீட்டில் முயன்று பார்க்க எண்ணவேண்டாம். உரிமமில்லாமல் தோட்டா செய்வது 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம். ஆனால் ஈயத்தை உருக்குகிறவர்கள் நம் ஊர்களில் துப்பாக்கிக்கு வெளியேயும் இருக்கிறார்கள். பழைய பேட்டரியை உடைத்து ஈயம் எடுப்பவர்கள், மீன்வலைக்குக் குண்டு வார்ப்பவர்கள். ஈயத் தூசியும் புகையும் ரத்தத்தில் ஏறினால் எளிதில் இறங்காது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அது நேரடியாகத் தாக்கும். உருக்குகிற இடம் காற்றோட்டமாகவும் வீட்டைவிட்டுத் தள்ளியும் இருக்கட்டும். ஈயத்தைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் சோற்றில் வைக்காதீர்கள். வேலை செய்த துணியோடு பிள்ளையைத் தூக்காதீர்கள்.